தைகாக் காட்டில் வளர்ந்த நான்கு பிள்ளைகள்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் நாவிலே நாள்தோறும் வழங்கும் பழமொழி. கறியிலே உப்புச் சிறிது குறைந்துவிட்டாலும் உண்கலத்தை ஒதுக்கிவைப்பவர் நாம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உப்பைக் கண்ணாலும் காணாது வாழ்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். அந்தக் குடும்பத்திலே நான்கு பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களுள் இளையவர் இருவரும் தம் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தவிர வேறொரு மனித முகத்தை, முப்பது வயது கடந்து பல ஆண்டுகள் செல்லும்வரையில், கண்டதேயில்லை.

இக்கதையை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்னர் நான் கடமையாற்றிய பாடசாலை ஒன்றிலே, காட்டோரமாகக் காணி வெட்டித் தோட்டஞ் செய்துவந்த ஒரு தந்தையார் ஒருநாட் காலை என் அலுவலகத்துக்கு வந்தார். பதின்மூன்று வயது நிரம்பிய தம் மகனைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொள்ள வேண்டும் என்றார். வறுமை காரணமன்று, பையன் படிப்பிலே பின்தங்கியவனும் அல்லன். “படிச்சது காணும் ஐயா. இந்த உலகத்தைப் பார்த்துக் கெட்டுப்போகாமல் என்ரை கண்ணுக்கு முன்னாலை வளரட்டும்” என்பதே அவர் கூறிய நியாயம். பதினாறு வயது வரையில் பிள்ளை பாடசாலைக்கு வரவேண்டும் என்பது சட்டம் என்று நான் எடுத்துரைத்தேன். அவர் மறுத்துப் பேசாமல் எழுந்து சென்றார். பையனும் தொடர்ந்து வந்தான். ஆயினும், அவர் என்னிடம் கேட்டது சட்டத்தைப் பற்றிய கேள்வி அன்று என்பதை அவர் போன பின்னரே உணர்ந்தேன். அந்த உறுத்தல் மனத்திலே கிடந்த காலத்தில்தான் லீக்கொவ் குடும்பத்தின் வரலாறு என் கைக்கு எட்டியது.

ருஷ்ய நாட்டின் கீழ்ப்பாகமாகிய சைபீரியாவிலே, முடிவில்லாதது போலப் பரந்துகிடக்கும் ஊசியிலைக் காட்டுக்குத் தைகா என்று பெயர். அக்காட்டின் தென்னெல்லையில், மொங்கோலிய நாட்டை அடுத்து, சயான் என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அம்மலைகளிலே ஊற்றெடுக்கும் அபக்கான் என்னும் ஆறு ஹக்காசியா மாநிலத்தினூடாக வடக்கு நோக்கி ஓடுகின்றது. கோடைகாலம் அங்கே மிகக் குறுகியது. வைகாசி கடந்தும் பனி கிடக்கும்; புரட்டாதியிலே மீண்டும் பனி விழும். மாரியிலே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரையில் இறங்கும். நுவரெலியாவிலே தை மாதத்து விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படிந்ததைக் கண்டு வியந்து நிற்கும் நமக்கு, அந்தக் குளிர் இத்தகையது என்று எடுத்துச் சொல்ல உவமை அகப்படாது.

1978ஆம் ஆண்டுக் கோடையில், இரும்புத் தாது தேடும் புவிச்சரிதவியலாளர் சிலரை அக்காட்டிலே இறக்குவதற்காக, ஒரு ஹெலிகொப்டர் ஓட்டி இடம் பார்த்துப் பறந்துகொண்டிருந்தார். ஆற்றை அண்டிய செங்குத்தான மலைச்சரிவிலே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், காட்டை வெட்டி வெளியாக்கிய ஒரு துண்டு நிலமும், அதிலே வரிசை வரிசையாகக் கீறிய சால்களும் அவர் கண்ணிற் பட்டன. அண்மையிலுள்ள குடியிருப்போ அவ்விடத்திலிருந்து 150 மைலுக்கும் அப்பால் இருந்தது. சால் கீறத் தெரிந்த விலங்கு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அவர் அந்நிலத்தைப் பலமுறை வட்டமிட்டுப் பார்த்தபின் செய்தியைத் தெரிவித்தார்.

கலீனா பிஸ்மென்ஸ்காயா என்னும் பெண்மணியின் தலைமையிலே நால்வர் மலையேறிச் சென்றனர். பைகளிலே அன்பளிப்புப் பொருள்களை எடுத்துச் சென்றதோடு, இடுப்பிலே கைத்துப்பாக்கியும் இருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டதாகத் தலைவி பின்னர் கூறியிருக்கின்றார். ஆளரவமற்ற காட்டிலே விலங்கைக் காட்டிலும் அஞ்சத்தக்கவன் மனிதன் என்பது அங்குள்ளோர் அனுபவம். ஒற்றையடிப் பாதை தென்பட்டது; ஓடையின் குறுக்கே ஒரு மரத்துண்டு பாலமாகக் கிடந்தது; மரப்பட்டைக் கலங்களிலே உலர்ந்த உருளைக்கிழங்குத் துண்டுகள் இருந்தன. அதன்பின், மழையிலும் புகையிலும் கறுத்துப்போன ஒரு குடில். அதன் தாழ்ந்த கதவைத் திறந்துகொண்டு, சாக்குத்துணியை ஒட்டுப்போட்டுத் தைத்த உடையும் கலைந்த தாடியுமாக, வெறுங்காலோடு ஒரு முதியவர் வெளியே வந்தார். அச்சம் அவர் முகத்தில் எழுதியிருந்தது. இருப்பினும், சிறிது நேரத் தயக்கத்தின்பின், இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், உள்ளே வாருங்கள் என்னும் பொருள்படச் சொல்லி அழைத்தார்.

உள்ளே ஒரே அறை. தரையிலே உருளைக்கிழங்குத் தோலும் பைன் கொட்டையின் கோதும் மெத்தைபோலக் கிடந்தன. சிறியதொரு சாளரத்தின் மங்கிய ஒளியில் இரண்டு பெண்கள் தென்பட்டனர். ஒருத்தி தம் பாவத்துக்கு வந்த தண்டனை இது என்று அரற்றிப் பிரார்த்தித்தாள். மற்றவள் தூணின் பின்னே மறைந்து மெல்லத் தரையிலே சரிந்தாள். வந்தவர்கள் உடனே வெளியேறிச் சற்றுத் தூரத்தில் அமர்ந்து உணவருந்தத் தொடங்கினர். அரை மணி நேரத்தின்பின் மூவரும் தாமாகவே அருகில் வந்தனர். ரொட்டியும் பழப்பாகும் தேநீரும் கொடுத்தபோது, எமக்கு அது ஆகாது என்று எல்லாவற்றையும் மறுத்தனர். ரொட்டியை எப்போதேனும் உண்டதுண்டோ என்று கேட்டதற்கு, தாம் உண்டதுண்டு, பிள்ளைகளோ அதைக் கண்டதுமில்லை என்றார் முதியவர். முதலில் அவர்கள் ஏற்றுக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று, உப்பு. உப்பில்லாத வாழ்வு மெய்யான வேதனை என்று முதியவர் பின்னர் மனந்திறந்து கூறினார்.

அவர் பெயர் கார்ப் ஒசிப்போவிச் லீக்கொவ். ‘பழைய நம்பிக்கையினர்’ எனப்படும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிக்கொன் என்னும் மதத்தலைவர் ருஷ்யத் திருச்சபையின் வழிபாட்டு முறைகளிலே சில திருத்தங்களைப் புகுத்தினார். சிலுவை அடையாளம் இடும்போது இரண்டு விரல்களைக் கூட்டுவதா மூன்று விரல்களைக் கூட்டுவதா என்பதும் அவற்றுள் ஒன்று. நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டவனைத் தொழும் முறையை ஓர் அலுவலகக் கட்டளையால் மாற்றமுடியாது என்று நம்பியவர்கள் அதற்காக உயிரையும் கொடுத்தனர். பின்னர் பேரரசர் பீற்றர் தாடிக்கு வரி விதித்தார். உலகத் தோற்றத்திலிருந்து எண்ணிவந்த ஆண்டுக்கணக்கை நீக்கிக் கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் கணக்கை 1700ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தினார். பழைய நம்பிக்கையினர் தலைமுறை தலைமுறையாகச் சைபீரியக் காடுகளுக்குள் ஒதுங்கிச் சென்றனர். கார்ப் முதியவர் பீற்றர் பேரரசரைப் பற்றிப் பேசும்போது, இரு நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் அன்றி, நேற்று வாய்ச்சண்டையிட்ட அயலவரைப் பற்றிப் பேசுவதுபோலக் கொதிப்போடு பேசுவாராம்.

சோவியத் ஆட்சி வந்தபின் இம்மக்களுக்கு நெருக்கடி மேலும் மிகுந்தது. 1936ஆம் ஆண்டளவில், கிராமத்தின் எல்லையிலே தம்மருகே நின்று வேலைசெய்துகொண்டிருந்த உடன்பிறந்தானை அரசுக் காவற்படையினர் சுட்டுக் கொன்றதைக் கார்ப் கண்ணாற் கண்டார். அவர் எடுத்த முடிவு ஒன்றே. மனைவி அக்குலினாவையும், ஒன்பது வயது மகன் சாவினையும், இரண்டு வயது மகள் நத்தாலியாவையும் அழைத்துக்கொண்டு, கையிலே கொண்டுபோகக்கூடிய சில பாத்திரங்களோடும் விதைகளோடும் காட்டுக்குள் மறைந்தார். ஓரிடத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் மேலும் உட்பகுதிக்குச் சென்று வேறொரு குடில் அமைப்பர். இப்படிக் குடில் மாறிக் குடில் சென்ற காலத்திலேதான், 1940களின் முற்பகுதியில், டிமித்திரி என்னும் மகனும் அகாஃபியா என்னும் மகளும் பிறந்தனர்.

இவர்கள் செயலை வெறும் மூடத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்கள் காட்டில் இருந்த அந்த ஆண்டுகளிலேதான் ஊரெங்கும் கைதுகளும் மரணதண்டனைகளும் நிகழ்ந்தன. 1941 முதல் 1945 வரை நடந்த போரிலே சோவியத் நாட்டு மக்கள் இரண்டு கோடியே எழுபது இலட்சம் பேரளவில் மாண்டனர். அத்தகைய உலகத்திலிருந்து தம் குஞ்சுகளைச் சிறகின்கீழ் மறைத்துக்கொண்ட பறவை என்றே கார்ப்பை ஒருபுறம் நோக்கவேண்டியிருக்கின்றது.

மறைத்துக்கொண்டார், சரி. எவ்வாறு வளர்த்தார்? நூல் நூற்கும் இராட்டையையும் தறியின் பாகங்களையும் அவர்கள் ஒவ்வோர் இடப்பெயர்ச்சியிலும் சுமந்து சென்றனர். சணல் பயிரிட்டு, நார் உரித்து, நூற்று, நெய்து உடுத்தனர். கால்மிதி தேய்ந்தபோது பேர்ச் மரத்தின் பட்டையால் மிதியடி செய்தனர். கொண்டுபோன இரும்புக் கேத்தல்கள் சில காலம் உழைத்துத் துருப்பிடித்து அழிந்தன. அதன்பின் மரப்பட்டைக் கலங்கள்தான். மரப்பட்டைக் கலத்தை அடுப்பிலே ஏற்ற முடியாது என்பதை அடுக்களையறிந்த நேயர்கள் உடனே உணர்வார்கள். ஒரு கேத்தல் துருப்பிடித்தால் சமைக்கும் முறையே மாறிவிடும் வாழ்வு அது. நெருப்போ சிக்கிமுக்கிக் கல்லில் பிறந்தது. இரவுக்கு வெளிச்சம் மரச்சிராய்த் தீபம்.

உருளைக்கிழங்கை மசித்து, அரைத்த றை என்னும் தானியத்தையும் சணல் வித்தையும் கலந்து தட்டிய அடையே அவர்களது அன்றாட உணவு. வெங்காயம், பட்டாணி, நூக்கல் வகையான கிழங்கு ஆகியனவும் தோட்டத்தில் விளைந்தன. காட்டுப் பைன் மரத்தின் கொட்டைகளைச் சேர்த்து வைத்தனர். பழைய நம்பிக்கையினர் ஒருகாலத்திலே உருளைக்கிழங்கைப் பாவப்பொருள் என்று தள்ளிவைத்தவர்கள் என்பது இங்கே நினைக்கத்தக்கது; அந்தக் கிழங்கு இல்லாதிருந்தால் இந்தக் குடும்பம் ஐந்தாண்டும் தாங்கியிராது. 1950களின் பிற்பகுதியில் டிமித்திரி இளைஞன் ஆகும்வரையில் இறைச்சி கிட்டியது மிக அரிது. துப்பாக்கியும் இல்லை, வில்லும் இல்லை. குழி வெட்டி விலங்கை வீழ்த்துவது ஒரு வழி. மற்றொன்று, அது களைத்து விழும்வரையில் மலையும் பள்ளமுமாகத் துரத்திச் செல்வது. டிமித்திரி பனியிலே வெறுங்காலோடு வேட்டையாடுவான். சில வேளைகளில் நாட்கணக்கில் வெளியிலேயே உறங்கி, இளமான் ஒன்றைத் தோளிலே சுமந்துகொண்டு திரும்புவான்.

1960களின் தொடக்கத்திலே பருவந்தப்பிப் பனி கொட்டித் தோட்டத்துப் பயிரையெல்லாம் அழித்தது. தோற் காலணியையும் மரப்பட்டையையும் அவித்து உண்ணும் நிலை வந்தது. அக்குலினா தன் பங்கையும் பிள்ளைகளுக்கே கொடுத்துவந்தாள். 1961ஆம் ஆண்டிலே அவள் பட்டினியால் இறந்தாள். இதை அழகுபடுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. எந்தத் தாயும் செய்வதையே அவளும் செய்தாள் என்று ஒரு வரியில் கடந்து செல்லவும் மனம் வரவில்லை. வைத்தியரில்லை, அயலார் இல்லை, இரந்து கேட்க ஒரு கதவு இல்லை. ஊரிலே ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து ஒரு சுண்டு அரிசியேனும் வரும். அந்த ஒரு சுண்டு அரிசி வருவதற்குரிய வழியைக் கார்ப் தம் கையாலேயே அடைத்திருந்தார்.

றைப் பயிரும் அவ்வாண்டு முற்றாக அழிந்தது. ஆனால் பட்டாணிப் பாத்தியிலே ஒரேயொரு றை விதை முளைத்திருக்கக் கண்டனர். அதைச் சுற்றி வேலியிட்டு, எலியும் அணிலும் கொறித்துவிடாதபடி இரவு பகலாக மாறி மாறிக் காவலிருந்தனர். அந்த ஒற்றைக் கதிர் 18 மணிகள் தந்தது. அந்தப் பதினெட்டையும் உண்ணாமல் விதைத்து, அவற்றின் விளைவையும் விதைத்து, மீண்டும் ஒரு தானியப் பயிரை உண்டாக்கினர். எனது வகுப்பறையில் இதைச் சொன்னபோது, ஒரு மாணவி, அந்த ஆண்டு முழுவதும் அவர்கள் அந்தக் கதிரைப் பார்த்துக்கொண்டே பசித்திருந்தார்களா என்று கேட்டாள். ஆம் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று.

ஓர் ஆசிரியனுக்கு இக்கதையில் மிக அருமையான பகுதி இனித்தான் வருகின்றது. அக்குலினா பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தாள். காகிதமில்லை, மையில்லை, பேனையில்லை. பேர்ச் மரக் குச்சியைக் கூராகச் சீவி, ஹனிசக்கிள் என்னும் செடியின் சாற்றிலே தோய்த்து எழுதப் பழக்கினாள். பாடநூல்கள் என்றிருந்தவை பிரார்த்தனை நூல்களும் பழைய குடும்ப வேதாகமமும் மாத்திரமே. வேதக் கதைகளாலேயே அவர்கள் உலகத்தை அறிந்தனர். வாழ்நாளில் குதிரையையே கண்டிராத அகாஃபியா, பின்னாளிலே குதிரையின் படமொன்றைக் கண்டதும், தாய் சொன்ன கதைகளை நினைவுகூர்ந்து, அது குதிரை என்று தந்தைக்குச் சுட்டிக்காட்டினாள். கண்ணாற் காணாத பொருளைச் சொல்லாலே காட்டிக் கொடுப்பதற்குத்தானே நாமும் முயல்கின்றோம்? எத்தனையோ உபகரணங்களும் கணினியும் வைத்துக்கொண்டு நாம் செய்ய முயல்வதை, அந்தத் தாய் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு செய்தாள்.

காலக்கணக்கையும் அவர்கள் விடவில்லை. நோன்பு நாளும் திருநாளும் தப்பிவிடலாகாது என்பதனால், நாட்காட்டி எதுவுமில்லாமலே நாள்களை எண்ணிவந்தனர். அவர்களது ஆண்டு உலகத் தோற்றத்திலிருந்து எண்ணுவது. நமது 1982ஆம் ஆண்டு அவர்களுக்கு 7490ஆம் ஆண்டு. ஆனால் அந்தக் கணக்கு ஏட்டிலே இரண்டாம் உலகப்போர் பதியப்படவில்லை. அப்படியொரு போர் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. மனிதன் சந்திரனிலே கால் வைத்தான் என்பதைக் கார்ப் கடைசிவரை நம்ப மறுத்தார். எனினும், 1950களின் பிற்பகுதியிலிருந்து சில நட்சத்திரங்கள் வானத்தை விரைந்து கடப்பதை அவர் கவனித்திருந்தார். மனிதர் ஏதோ புத்தியைப் பயன்படுத்தி நட்சத்திரம் போன்ற நெருப்பை அனுப்புகின்றார்கள் என்று தாமே ஒரு விளக்கமும் வகுத்திருந்தார். செயற்கைக் கோள்களைப் பற்றி எவரும் சொல்லாமலே, வானத்தைப் பார்த்து மாத்திரம் அவர் அந்த முடிவுக்கு வந்தார் என்றால், அந்த முதியவரின் அறிவைக் குறைத்து மதிப்பிட முடியுமா? கசங்கும் தன்மையுள்ள பளிங்குத் தாளை முதன்முறை கையில் வாங்கியபோது, கண்ணாடி மடிகின்றதே என்று குழந்தைபோல வியந்ததும் அதே முதியவர்தான்.

சகோதரிகள் இருவரும் தமக்குள்ளே பேசிக்கொள்வது, இழுத்து இசைப்பதுபோன்ற ஒரு தனி ஒலியாய் வந்தவர் காதுக்குப் புலப்பட்டது. மொழி ஆறு பேரிடம் மாத்திரம், பின்னர் ஐந்து பேரிடம் மாத்திரம், நாற்பது ஆண்டு அடைபட்டிருந்தால் அது அவ்வாறுதான் உருமாறும். இதனால் அகாஃபியாவை முதலில் மந்தபுத்தியுடையவள் என்று எண்ணியவர்கள், பழகிய பின்னர் அவளுடைய நகைச்சுவையையும் கூர்மையையும் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். நம் பாடசாலைகளிலும், பேச்சு வேறுபட்ட பிள்ளையை முதல் வாரத்திலேயே மதிப்பிட்டுவிடும் ஆசிரியர் இல்லாமலில்லை.

பிள்ளைகள் என்றே சொல்லி வருகின்றேன். 1978ஆம் ஆண்டிலே மூத்தவன் சாவினுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. வழிபாட்டு ஒழுங்குகளிலே தந்தையினும் கண்டிப்பானவன் அவனே. நத்தாலியா தாய் இறந்தபின் தாயின் பொறுப்பையெல்லாம் ஏற்றுச் சமைத்தும் தைத்தும் உழைத்தவள். நால்வருள் ஒருவருக்கேனும் மணம் நிகழவில்லை, நிகழ வழியுமில்லை. நால்வருக்கும் ஒரு தோழனோ தோழியோ இருந்ததில்லை. வகுப்பறையிலே பக்கத்து மாணவனோடு பென்சிலுக்காகச் சண்டையிட்டு, இடைவேளையில் அதே பென்சிலைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளை என்ன கற்றுக்கொள்கின்றான் என்பதை நான் பல ஆண்டுகள் பார்த்திருக்கின்றேன். அந்தப் பாடத்தைத் தாய் எவ்வளவு அன்புடையவளாயினும் கற்பிக்க இயலாது.

டிமித்திரியை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு கனக்கின்றது. காட்டின் ஒவ்வோர் அசைவையும் அறிந்தவன். அடுப்புக் கட்டியவனும் கலங்கள் செய்தவனும் மரம் சீவியவனும் அவனே. புவிச்சரிதவியலாளரின் முகாம் சுமார் பத்து மைல் கீழே ஆற்றோரம் அமைந்திருந்தது. அங்கே ஒரு சிறு மரம் அரியும் ஆலை இருந்தது. தான் ஒரு நாளோ இரண்டு நாளோ முயன்று சீவும் மரம், சுழலும் வாளின் முன்னே சில கணங்களில் ஒத்த பலகைகளாகிக் கிடப்பதை அவன் கண்டான். பலகையைக் கையாலே தடவிப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தான். முகாமுக்கு வரும்போதெல்லாம் அந்த ஆலையையே சுற்றி நின்றான். முப்பத்தெட்டு வயதிலே ஒரு மனிதன் முதன்முதலாகத் தன் தொழிலுக்குரிய கருவியைக் காண்கின்றான். பதின்மூன்று வயதிலே கண்டிருந்தால்?

நாளடைவிலே கத்தி, முள்ளுக்கரண்டி, கைப்பிடிகள், தானியம், பின்னர் காகிதமும் பேனையும், மின்சூளும் அவர்கள் கைக்கு வந்தன. முகாமிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டி பாவம் என்பது அவர்களது துணிபு. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. கார்ப் நேரே முன்னால் அமர்ந்து பார்ப்பார். அகாஃபியா கதவின் பின்னிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே பிரார்த்தனை முணுமுணுப்பாள். பின்பு மீண்டும் எட்டிப் பார்ப்பாள். 1982ஆம் ஆண்டிலே ‘கொம்சமோல்ஸ்காயா பிராவ்தா’ என்னும் பத்திரிகையில் வசீலி பெஸ்கொவ் என்பவர் இவர்களைப் பற்றித் தொடர்கட்டுரை எழுதியபோது நாடு முழுவதும் படித்தது. வாசகர்கள் உடைகளும் பொருள்களும் அனுப்பினர்.

ஆனால் அதற்கு முன்னரே, 1981ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, நான்கு பிள்ளைகளுள் மூவர் சில நாள் இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோயினர். சாவினும் நத்தாலியாவும் சிறுநீரகம் செயலற்று இறந்தனர் என்றும், கடினமான உணவே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். டிமித்திரிக்கு வந்தது நுரையீரல் அழற்சி. ஹெலிகொப்டர் வருவித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதாக முகாமிலிருந்தோர் மன்றாடினர். எமக்கு அது ஆகாது, இறைவன் கொடுத்த நாள் வரையில்தான் மனிதன் வாழ்வான் என்று மறுத்து அவன் உயிர் நீத்தான். வெளியாரிடமிருந்து தொற்றிய கிருமியை எதிர்க்கும் வலு அவர்கள் உடலில் இல்லாதிருந்தது என்று கருதுவோரும் உளர். உலகத்தின் தீமை தீண்டாமல் வளர்த்த பிள்ளைகளை, உலகம் அன்போடு கைகொடுத்த சில ஆண்டுகளுக்குள் மரணம் கொண்டுபோயிற்று. உள்ளே இருந்ததாலா, கதவு திறந்ததாலா? இரண்டுக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகின்றது. கதவை நாற்பது ஆண்டு பூட்டிவைத்தமையால்தான் அது திறந்தபோது வந்த காற்று அவ்வளவு கொடியதாயிற்று.

என்னிடம் வந்த அந்தத் தந்தையாருக்கு அன்று சொல்லாத விடையை இப்போது சொல்லக்கூடுமானால், இவ்வாறு சொல்வேன். கார்ப் உலகத்தைக் கண்டார், அதன் கொடுமையை அறிந்தார், அறிந்தே துறந்தார். அது அவரது உரிமை. அவருடைய பிள்ளைகள் எதையும் துறக்கவில்லை. துறப்பதற்கு அவர்கள் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆனால் அவரைக் கண்டிக்க முற்படும்போது, என் மேசையிலே இருந்து அந்தத் தந்தையாரிடம் சட்டத்தை மட்டும் சொன்ன என்னையும் நினைத்துக்கொள்கின்றேன். கெட்டுப்போகாமல் வளரட்டும் என்று அவர் சொன்னபோது, எம் பாடசாலையிலே உங்கள் பிள்ளை கெட்டுப்போகமாட்டான் என்று உறுதிகூற என்னால் முடியவில்லை. அதனால்தான் சட்டத்தின் பின்னே ஒதுங்கினேன்.

மூவரையும் அடக்கஞ் செய்தபின், ஊருக்கு வந்து உறவினரோடு வாழும்படி கார்ப்பையும் அகாஃபியாவையும் பலர் வேண்டினர். இருவரும் இணங்கவில்லை. கார்ப் 1988ஆம் ஆண்டு மாசி மாதத்தில் காலமானார். முகாமிலிருந்தோர் உதவியோடு மகள் அவரை மலைச்சரிவிலே அடக்கஞ் செய்தாள். 1980களிலே அவள் ஒருமுறை ஊர்களைப் பார்த்துவர அழைத்துச் செல்லப்பட்டதுண்டு. புகைவண்டியையும் விமானத்தையும் கண்டாள். உயிருள்ள குதிரையையும் கண்டாள். உறவினரோடு தங்கிப் பார்த்தாள். அந்தக் காற்றும் தண்ணீரும் தன் உடலுக்கு ஒவ்வவில்லை என்று எரினாத் ஆற்றங்கரைக்கே திரும்பிவிட்டாள். முன்னாள் முகாம் ஊழியர் யெரொஃபெய் செடொவ் என்பவர், ஒரு காலை இழந்தவர், 1997 முதல் 2015இல் இறக்கும்வரை அவளுக்கு அயலவராக அங்கே வாழ்ந்தார். 2016ஆம் ஆண்டு தை மாதத்தில் கால்நோவு பொறுக்கமாட்டாமல், அவளே உதவி கோர, ஹெலிகொப்டர் வந்து அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது. டிமித்திரி ஏற மறுத்த வாகனத்திலே அகாஃபியா ஏறினாள், குணமடைந்து திரும்பினாள். 2021ஆம் ஆண்டிலே, பழைய குடில் தங்கமுடியாத நிலைக்கு வந்தபின், செல்வந்தர் ஒருவரின் உதவியால் அவளுக்குப் புதிய மரவீடொன்று அதே இடத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டது.

முதுமையிலே தனக்குத் துணையாக வந்திருக்க எவரேனும் உண்டோ என்று கேட்டு அகாஃபியா தன் சமயத்தவர்க்குக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கின்றாள். அவள் எழுதும் கடிதங்கள் இன்றைய ருஷ்யர் எழுதும் கூட்டெழுத்தில் அமைவதில்லை. பழைய பிரார்த்தனை நூலில் உள்ளவாறே, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அச்சிட்டதுபோல வரைந்து எழுதுவாள். அக்குலினா பேர்ச் குச்சியால் எழுதிக் காட்டிய எழுத்துகள் அவை.